மூக்கால் வந்த பால்தேத்தண்ணி

பிள்ளைகள் வாட்டில் 33 வருடம் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி சளி, வயிற்றோட்டம், சாப்பிட மறுக்கும் பிள்ளை என்றுதான் இருக்கும். இந்த முறை விசுவமடுவில் இருந்து வந்த ஒரு கடிதம் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நான் அதைப் பற்றி நாலு பேரிடம் கதைக்க, அவர்களும் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க ஒரே வருத்தம்தான்: தொண்டைக்கரப்பான். டொக்டர்மார் டிப்தீரியா என்பார்கள்.

கேள்வி: வணக்கம் மிஸ்ஸி. என் கணவரின் தங்கை குடும்பம் தமிழ்நாட்டில் இருந்து போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மகளுக்கு 6 வயது. அங்கே தொண்டைக்கரப்பான் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்து, 14 நாள் மருந்து முடித்து, சுகம் என்று ரிக்கெற் வெட்டி விட்டிருக்கிறார்கள். வருத்தம் தொடங்கி இன்று 22 நாள். இரண்டு நாளாகப் பிள்ளை மூக்கால் கதைக்கிறாள். தண்ணீர் குடித்தால் மூக்கால் திரும்பி வருகிறது. தடிமன் என்று நினைத்து கற்பூரவள்ளி அவித்துக் கொடுத்தோம். காய்ச்சல் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டுமா?
– ஒரு மாமி, விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்துக்கு அச்சில் பதில் சொல்ல நான் காத்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கீழே எழுதியிருந்த நம்பருக்கு அன்றே கோல் எடுத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அங்கே தந்த ரிக்கெற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். கொண்டு போனீர்கள், வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். இனி எழுதுவது மற்றத் தாய்மாருக்கு.

இது தடிமன் இல்லை. தடிமனில் மூக்கு சும்மாவே ஒழுகும். இதில் பிள்ளை குடித்தது மூக்கால் வருகிறது. நாம் விழுங்கும்போது அண்ணத்தின் பின்பக்கத் தசை மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை மூடிவிடும். தொண்டைக்கரப்பான் கிருமியின் நஞ்சு அந்தத் தசைக்குப் போகும் நரம்பைத் தாக்கினால் கதவு மூடாது. ரோச் லைட் அடித்து, பிள்ளையை ‘ஆ’ சொல்லச் சொல்லிப் பாருங்கள். சுகமான பிள்ளைக்கு உண்ணாக்கு மேலே போகும். இந்தப் பிள்ளைக்குத் துணி தொங்குவது போல அப்படியே கிடக்கும்.

ரோச் லைட் இல்லாவிட்டாலும் காதால் பிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம் படித்தோமே. க, ட, ப போன்ற வல்லின எழுத்துக்களுக்கு வாய்க்குள் காற்றை அடைத்து விட வேண்டும். மூக்குக் கதவு திறந்து கிடந்தால் காற்று அந்த வழியால் போய்விடும். க ங ஆகும், ட ண ஆகும், ப ம ஆகும். இதை நான் வாட்டில் படிக்கவில்லை. எட்டு வயதில் எங்கள் வீட்டில் படித்தேன்.

1959. முள்ளியவளைப் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 5 வயது. தொண்டை நோவு, காய்ச்சல், கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, வாயில் ஒரு கெட்ட மணம். வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், தொண்டை ஆறியது, வீட்டுக்கு விட்டார்கள். இனி என்ன வரலாம், எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. மூன்றாம் கிழமை ஒரு காலை, அம்மா கொடுத்த பால்தேத்தண்ணி அவனுடைய இரண்டு மூக்காலும் வந்தது. புரைக்கேறிவிட்டது என்று தலையில் தட்டினோம். அடுத்த நாள் அவன் வாசலில் இருந்து ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிடுகிறான். அம்மா ஓடி வந்தா. அவன் தலையை ஆட்டிவிட்டு வயலுக்குப் போக நின்ற அப்பாவைக் கையால் காட்டினான். அவன் சொன்னது ‘அப்பா’. எங்களுக்குக் கேட்டது ‘அம்மா’. என்னைக் கூப்பிட்டது ‘அங்ஙா’ என்று கேட்டது. சொன்ன சொல் மாறி விழுகிறது என்று விளங்கி அவன் அழத் தொடங்கினான். பிறகு இரண்டு மாதம் கையால்தான் பேசினான்.

நாலாம் கிழமை கண். அரிவரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துத் தெரியவில்லை என்று தள்ளிவிடுவான். பனை உச்சியில் கிளி இருக்கிறது என்று எங்களுக்கு முந்திச் சொல்வான். கள்ளம் பண்ணுகிறான் என்று மாமா ஒரு அடி போட்டார். பாவம், அது கள்ளம் இல்லை. கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணின் வில்லையைக் கூட்டிப் பிடிக்கும் சின்னத் தசை இருக்கிறது, அதற்குப் போகும் நரம்பும் இந்த நஞ்சில் சோர்ந்து போகும். தூரம் தெரியும், கிட்டத் தெரியாது.

ஏழாம் கிழமை கால். கிணத்தடிப் படியில் ஏறப்போய் அப்படியே மடிந்து விழுந்தான். குந்தியிருந்தால் எழும்ப மாட்டான். கால் விரல்கள் விறைக்கிறது என்றான். மூச்சுத் தசை மட்டும் தப்பியது, அது எங்கள் நல்ல காலம். இன்றைக்கு அவனுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு குறையும் இல்லை, தன் வயலைத் தானே உழுகிறான்.

தம்பி பட்ட ஒழுங்கில்தான் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வரும். அண்ணமும் தொண்டையும் இரண்டாம், மூன்றாம் கிழமையில். கண் மூன்றில் இருந்து ஐந்தாம் கிழமைக்குள். கை, கால், மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசை எல்லாம் ஐந்தாம் கிழமைக்குப் பிறகு, சிலருக்கு மூன்று மாதம் வரையும். வருத்தம் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நரம்பில் ஏதாவது வரும். கழுத்து வீங்கி, தொண்டையில் தோல் கனமாகப் படர்ந்த பிள்ளைகளுக்கு அதைவிட மிகக் கூட.

இவை எல்லாவற்றுக்கும் முந்தி வருவது இதயம். முதல் கிழமை முடிவில் இருந்தே நஞ்சு இதயத் தசையைத் தாக்கும். எங்கள் அடுத்த வளவுப் பிள்ளை ஒன்று, தம்பிக்கு வந்த அதே மாதத்தில், தொண்டை ஆறி இரண்டாம் கிழமை முற்றத்தில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் விழுந்து போய்விட்டது. பிள்ளை சுகமாக இருக்கிறாள், துள்ளுகிறாள் என்று விடாதீர்கள். டொக்டர் எழும்பலாம் என்று சொல்லும் வரை படுக்கைதான்.

வாட்டில் நாங்கள் என்ன செய்வோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் பார்த்துப் பயந்து போகாமல் இருக்க. விழுங்க முடியாத பிள்ளைக்கு மூக்கால் ரியூப் போட்டுப் பால் கொடுப்போம். அந்த ரியூப் பிள்ளையை நுரையீரல் காய்ச்சலில் இருந்து காப்பாற்றுகிறது, கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். எச்சிலையும் விழுங்க முடியாவிட்டால் ஒரு பக்கம் சரித்துப் படுக்க வைத்து உறிஞ்சி எடுப்போம். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் ‘ஒரே மூச்சில் எண்ணு பார்ப்போம்’ என்று கேட்போம். நேற்று 20 வரை எண்ணிய பிள்ளை இன்று 9 இல் நின்றால் டொக்டரைக் கூப்பிட ஓடுவோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே வர வேண்டும். உள்ளே போனால் உதரவிதானம் வேலை செய்யவில்லை. இருமல் சத்தம் மெலிந்து போவதும் அதே எச்சரிக்கை. அப்படியான பிள்ளைக்கு மெசின் வைத்து மூச்சுக் கொடுத்தால் பிழைத்துவிடும். நரம்பு திரும்பி வரும் வரைக்கும்தான் மெசின்.

கேள்வி: தொண்டையில் இருக்கும் கிருமி காலை எப்படி வழங்காமல் செய்கிறது? நஞ்சை முறிக்கும் மருந்து போட்ட பிறகும் நரம்பு ஏன் சோர்கிறது?
– உயர்தர உயிரியல் மாணவி, கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. கிருமி தொண்டையை விட்டு அசைவதில்லை. அது விடும் நஞ்சுதான் இரத்தத்தோடு போகிறது. 1888 இல் பரிஸ் நகரில் ரூ, யெர்சின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கிருமி வளர்த்த சாற்றை வடித்து, கிருமியே இல்லாத நீரை விலங்குகளுக்கு ஏற்றினார்கள். விலங்குகள் கிருமி தொற்றியது போலவே நோயாகி, தசைகளும் வழங்காமல் போயின. 1890 இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் இரத்த நீரில் உண்டாவதைக் காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு, 1901 இல், பேரிங்குக்குப் போனது இதற்காகத்தான். இன்னொன்றையும் உன் கொப்பியில் எழுதிவை: நஞ்சு செய்யும் மரபணு கிருமியின் சொந்தச் சொத்து இல்லை, கிருமிக்குள் புகுந்த ஒரு வைரசு கொண்டு வந்து கொடுத்தது. அந்த வைரசு புகாத கிருமி இந்த நஞ்சைச் செய்யாது.

நஞ்சு ஒரு கலத்துக்குள் புகுந்தால் அங்கே புரதம் செய்யும் வேலையை நிறுத்திவிடும். நரம்பைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, மயலின் என்று படித்திருப்பாய். அந்த உறையைப் பேணும் கலங்கள் புரதம் இல்லாமல் மெல்ல மெல்லக் கெட்டுப்போக நாள் எடுக்கும். அதனால்தான் கிழமைகள் கழித்துச் சோர்வு வருகிறது. முறிமருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சை மட்டும்தான் பிடிக்கும். கலத்துக்குள் போனதை எட்டாது. ஆகவே சந்தேகம் வந்த உடனே, ஆய்வுகூட முடிவு வரும் வரை நில்லாமல், டொக்டர்மார் அதைப் போடுவார்கள். பென்சிலின் கிருமியைக் கொல்லும், வெளியே வந்துவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது. இரண்டும் வேண்டும்.

பிள்ளைகள் முழுக்கச் சுகப்படுவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. எலி கடித்த வயரை யோசித்துப் பார். மேல்உறைதான் போயிருக்கிறது, உள்ளே கம்பி அப்படியே இருக்கிறது. உறை திரும்ப வளர்ந்தால் கரண்ட் பழையபடி ஓடும்.

கேள்வி: எங்கள் காலத்தில் தொண்டையில் தோல் படர்ந்தால் துணி சுற்றிய விரலால் வழித்து எடுத்துவிடுவார்கள். பரியாரியார் பார்ப்பார், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்போம். இப்போது ஏன் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி?
– ஒரு அப்பு, ஒட்டுசுட்டான்

பதில்: அப்பு, நேர்த்தியை வையுங்கள். எங்கள் அம்மாவும் வைத்தா, வைகாசிப் பொங்கலுக்குத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தீர்த்தா. ஆனால் அந்தச் சாம்பல் நிறத் தோலை மட்டும் வழிக்க விடாதீர்கள். அது கீழே இருக்கும் சதையோடு ஒட்டியது, இழுத்தால் இரத்தம் வரும். கழன்ற துண்டு மூச்சுக்குழாயை அடைத்தால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நேரம் கிடைக்காது. முதலில் ஆஸ்பத்திரி, நேர்த்தி வண்டியில் போகும்போதே வைக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று நல்ல காய்ச்சல், இரவு முழுக்க அழுதான். 18 மாத ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று ஊசி போட்டாயிற்று, அது போதாதா? என்னுடைய சின்ன வயது ஊசிக் காட் 2009 இல் இடம்பெயரும்போது தொலைந்துவிட்டது. எனக்கு என்ன போட்டார்கள் என்றே தெரியாது.
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: போதாது பிள்ளை. இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் போடுவது அத்திவாரம். நஞ்சுக்கு எதிரான காப்பு வருடம் போகப் போகக் குறையும். அதைத் திரும்ப உயர்த்தத்தான் 18 மாதத்தில் ஒன்று, 5 வயதில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் 11, 12 வயதில் ஒன்று. அந்த விசுவமடுப் பிள்ளைக்குக் கைக்குழந்தையில் போட்டிருக்கிறது, பிறகு போட்டதெல்லாம் விடுபட்டிருக்கிறது. தொண்டையில் கிருமி ஏறிய இடைவெளி அது.

ஊசிக்குப் பிறகு ஒன்று இரண்டு நாள் காய்ச்சலும், போட்ட இடத்தில் வீக்கமும் நோவும் வழமை. பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு பரசிற்றமோல் என்று மருத்துவமாதுவிடம் முன்னரே கேட்டு வையுங்கள். வலிப்பு வந்திருந்தாலோ, மணிக்கணக்கில் நிறுத்தாமல் வீரிட்டு அழுதிருந்தாலோ அதை ஊசி போட முன் சொல்லுங்கள், டொக்டர் யோசித்து வேறு வகை ஊசி போடலாம். சொல்லாமல் வீட்டில் நின்றுவிடாதீர்கள்.

உங்கள் காட்டைப் பற்றி: பதிவு இல்லாவிட்டால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு போடலாம், ஒன்று கூடப் போட்டதால் கெடுதல் வராது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தொலைந்தது உங்கள் பிழை இல்லை. பிள்ளையை ஒரு கையிலும் பையை மற்றக் கையிலும் பிடித்து ஓடின சனம் நாங்கள்.

இந்த ஊசிக்காக எங்கள் ஆட்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முக்கூட்டு ஊசி இலங்கைக்கு வந்தது 1961 இல். தம்பிக்கு வருத்தம் வந்து இரண்டு வருடம் கழித்து. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. மருந்து 2 இல் இருந்து 8 பாகை சென்ரிகிரேட்டுக்குள் இருக்க வேண்டும். சூடு கூடினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஒரு நாள் ஐஸ் பெட்டியில் வந்த போத்தல்கள் ஐஸ்கட்டியோடு நேரே முட்டிக்கொண்டு வந்துவிட்டன. எனக்குச் சந்தேகம். ஒன்றை எடுத்துக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல மருந்து என்றால் பால் கலங்கினது போல ஒரே சீராக நிற்கும். இதில் சின்னச் சின்னத் துகள் மிதந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் வண்டல் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. உறைந்த மருந்து. வெளியே நாற்பது தாய்மார் வெயிலில் இருக்கிறார்கள், சிலர் விடிய முன் நடக்கத் தொடங்கியவர்கள். போட முடியாது, அடுத்த கிழமை வாருங்கள் என்று நான்தான் போய்ச் சொன்னேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. அடுத்த கிழமை எல்லோரும் வந்தார்கள். அந்தத் தாய்மாரை நினைத்துத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி: போன வருடம் என் 7 வயது மகனுக்கு வயிற்றோட்டம் வந்து பத்து நாளில் இரண்டு காலும் வழங்காமல் போனது. இப்போது சுகம். அது தொண்டைக்கரப்பானா? ஆஸ்பத்திரியில் ஏன் இரண்டு தரம் மலம் எடுத்தார்கள்?
– ஒரு தகப்பன், துணுக்காய்

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கியான்பரே என்ற வேறு நரம்பு நோய் போலத் தெரிகிறது, உங்கள் ரிக்கெற்றில் டொக்டர் எழுதியிருப்பார், பாருங்கள். அதுவும் உறை கெடும் நோய்தான், ஆனால் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். தொண்டைக்கரப்பான் அண்ணத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். மலம் எடுத்தது போலியோ இல்லை என்று உறுதி செய்ய. 15 வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை, கால் தளர்ந்தால், ஒரு நாள் இடைவெளியாவது விட்டு இரண்டு தரம் மலம் எடுத்து அனுப்ப வேண்டும். இலங்கையில் கடைசிப் போலியோ 1993 இல். அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கவனம்.

கேள்வி: மிஸ்ஸி, விசுவமடு மாமி திரும்ப எழுதுகிறேன். மருமகளுக்கு ரியூப் கழற்றியாயிற்று, வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாட்டம். புத்தகத்தை எட்டப் பிடித்துப் பார்க்கிறாள். கண்ணாடி போட வேண்டுமா? என்ன சாப்பாடு கொடுக்கலாம்? எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருமா?

பதில்: எட்டப் பிடித்துப் பார்க்கட்டும், அதட்டாதீர்கள். இந்தப் பார்வை தானாகத் திரும்பும், அதற்காகக் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். கிளினிக்கில் மட்டும் சொல்லி வையுங்கள்.

தண்ணீர், தேத்தண்ணி போல ஓடுகிறதுதான் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆபத்து. கட்டியான கஞ்சி, உழுத்தங்களி, மசித்த வாழைப்பழம், கரைத்துக் குழைத்த சோறு நல்லது. நிமிர்ந்து இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, சின்னக் கரண்டியால் ஒரு வாய் விழுங்கின பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விட வேண்டாம். புரைக்கேறி இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். தள்ளாட்டம் வந்திருக்கிறபடியால் காலையும் மாலையும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிக் கேளுங்கள், குறைந்தால் இரவென்றும் பாராமல் கொண்டு போங்கள். மூன்று மாதம் முடியும் வரைக்கும் இதை விட வேண்டாம். கிணத்தடிக்குத் தனியே விடவும் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு: அவளுக்கு மருந்து முடிந்து, தொண்டைச் சளி இரண்டு தரம் சோதித்துக் கிருமி இல்லை என்று வந்திருப்பதாகச் சொன்னீர்கள். ஆகவே நரம்புச் சோர்வு இருக்கிறது என்பதற்காக ஒதுக்க வேண்டாம், சோர்வு தொற்றாது. பிள்ளைகளின் காட்டை எடுத்து விடுபட்ட ஊசி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து உங்கள் எல்லோருடைய தொண்டையிலும் பஞ்சு தடவிச் சோதித்தாரே, அவர் தந்த மருந்தை நாள் குறையாமல் முடியுங்கள்.

மருமகளுக்கும் ஊசி உண்டு. வருத்தம் வந்தவளுக்கு இனி ஏன் என்று உங்கள் மாமியார் கேட்டாவாம். இந்த வருத்தம் வந்து போனதால் காப்பு வரும் என்று நம்ப முடியாது. டொக்டர் சொல்லும் திகதியில் கொண்டு போய்ப் போட்டு, திகதியைக் காட்டில் எழுதி வாங்குங்கள்.

கதைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவளாகவே கதைப்பாள். ‘அப்பா’ என்று ப கேட்கும்படி அவள் கூப்பிடுகிற நாளில் எனக்கு ஒரு கோல் எடுங்கள் தங்கச்சி. போனை அவளிடம் கொடுங்கள், நான் கேட்க வேண்டும்.